அடியில் உப்பு, மேலே நல்ல வெள்ளம்: குப்பி இறக்கிப் பார்த்துத் தூண்டல் போடும் செய்முறை

குமரி மாவட்டத்தில் கடலில் போய் விழும் ஆறுகள் எல்லாமே குட்டை ஆறுகள். மலையில் பெய்த மழை ஒரே நாளில் பொழிமுகம் (ஆறு கடலில் சேரும் வாய்) வந்து சேர்ந்துவிடும். குழித்துறையாறு தேங்காய்பட்டணத்திலும், வள்ளியாறு கடியபட்டணத்திலும், பழையாறு மணக்குடியிலும் கடலைத் தொடுகின்றன. இந்தக் கரையில் கடல் ஓதத்தின் ஏற்ற இறக்கம் ஒரு மீட்டருக்குள்தான். ஏற்றம் பெரிதாக இருக்கும் ஊர்களில் ஓதமே ஆற்றைக் கலக்கிவிடும். இங்கே அந்தப் பலம் கிடையாது. அதனால் கனமான கடல்நீர் அடியில் ஆப்பு செருகியதுபோல ஆற்றுக்குள் ஏறிப் போகும். மேலே நல்ல வெள்ளம் தன்பாட்டுக்குக் கடலைப் பார்த்து ஓடிக்கொண்டிருக்கும். (குமரிப் பக்கம் வெள்ளம் என்றால் தண்ணீர்தான், பெருக்கு இல்லை.)

ஒரே இடத்தில் நின்று ஒருவர் ஜிலேபியும் கெண்டையுமாகப் பிடிப்பதும், பத்தடி தள்ளி நிற்பவருக்குக் கொடுவா மாட்டுவதும் இதனால்தான். கைராசி என்பார்கள். பெரும்பாலும் ஆழம்தான் காரணம். முள் எந்த நீரில் தொங்குகிறது என்று தெரியாமல் இரை, முள், நேரம் என்று எதை மாற்றினாலும் குருட்டுவேலை. உப்பு எங்கே தொடங்குகிறது என்று பார்க்க மூன்று சாமான் போதும்: ஒரு குப்பி, ஒரு உப்புக்குச்சி (நீரின் உப்பைக் காட்டும் மிதப்பு), ஒரு அளவுக்கம்பு. மூன்றும் வீட்டில் செய்யக்கூடியவை. வாயில் வைத்துப் பார்க்கும் பழைய வழி மேல்நீருக்கு மட்டும்தான் உதவும். நாகர்கோவில் சாக்கடையும் சேர்ந்து வரும் பழையாற்றில் அது உடம்புக்கு நல்லதும் இல்லை.

குப்பி

300 மி.லி. கண்ணாடிச் சோடாக் குப்பி ஒன்று, அதற்குப் பொருந்தும் ரப்பர் தக்கை, வலைக்குக் கோர்க்கும் ஈயக்குண்டு அரைக் கிலோ, 4 மி.மீ. நைலான் கயிறு 8 மீட்டர், பழைய சைக்கிள் டியூப் கொஞ்சம்.

வெறும் குப்பி சுமார் 350 கிராம் இருக்கும். மூடி இறக்கினால் அது ஒதுக்கும் நீர் 440 கிராமுக்குப் பக்கம். அதாவது மிதக்கும். 100 கிராம் ஈயம் கட்டினாலே தாழும். ஆனால் ஒழுக்கில் இழுபட்டு, நேரே இறங்காமல் சரிந்து போகும். அரைக் கிலோ கட்டினால் நேராக இறங்கும். ஈயத்தைக் குப்பியின் அடிப்பக்கம் சுற்றி வைத்து, டியூபை நீளவாக்கில் வெட்டி இறுக்கிச் சுற்ற வேண்டும். இன்சுலேஷன் டேப் இரண்டு நாளில் வழுக்கிக் கழன்றுவிடும்.

கயிறு கட்டும் முறையில்தான் சூட்சுமம். தக்கையில் மெல்லிய துரு ஏறாத கம்பியை ஊடுருவி, மேலே ஒரு வளையம் செய்யுங்கள். கயிற்றின் நுனியைக் குப்பியின் கழுத்தில் கட்டுங்கள். கழுத்திலிருந்து 30 செ.மீ. கயிற்றைத் தொய்வாக விட்டு, அதற்கு மேலே உள்ள இடத்தைத் தக்கையின் வளையத்தில் கட்டுங்கள். இப்போது இறக்கும்போது குப்பியின் பாரத்தைத் தக்கைதான் தாங்கும். வேண்டிய ஆழத்தில் நிறுத்தி வெடுக்கென்று ஒரு சுண்டு சுண்டினால் தக்கை பிடுங்கிக்கொள்ளும், பாரம் கழுத்துக் கயிற்றுக்கு மாறும், வாய் திறந்து நீர் நிறையும். மேலே குமிழி வரும். குமிழி நின்றதும் தூக்கலாம். வழியில் மேல்நீர் கலந்துவிடாதா என்று கேட்கலாம். நிறைந்த குப்பியின் வாய் குறுகல். உள்ளே இருப்பது கனத்த உப்புநீர், வெளியே இலேசான நல்ல நீர். கனத்தது அடியில் அடங்கியே கிடக்கும். நிதானமாகத் தூக்கி, மேலே நிற்கும் ஒரு மடக்கைக் கொட்டிவிட்டு மீதியை எடுத்துக்கொண்டால் போதும்.

கயிற்றில் 50 செ.மீ.க்கு ஒரு முடிச்சு. ஒவ்வொரு முழு மீட்டரிலும் சிவப்பு நூல் சுற்று. அளவைக் கயிற்றின் நுனியிலிருந்து அல்ல, இறக்கும்போது குப்பியின் வாய் இருக்கும் இடத்திலிருந்து எடுக்க வேண்டும்.

கெடுகிற இடங்கள் மூன்று.

முதலாவது, கரையிலிருந்தே கயிற்றில் தொங்கவிட்டு இறக்குவது. காற்றில் 850 கிராமும் தக்கையில் தொங்கும். பாதி வழியில் கழன்று குப்பி திறந்துவிடும். நீருக்குள் போனபிறகு பாரம் 400 கிராமுக்கும் கீழேதான். ஆகவே கையால் பிடித்து நீரில் முக்கிவிட்ட பிறகே கயிற்றை விட வேண்டும். பாலத்தின் மேலிருந்து இறக்க இந்தக் குப்பி சரிப்படாது.

இரண்டாவது, கண்ணாடிக்குப் பதில் மெல்லிய பிளாஸ்டிக் தண்ணீர்ப் போத்தல். 4 மீட்டர் ஆழத்தில் ஒரு சதுர செ.மீ.க்கு 0.4 கிலோ அழுத்தம் வரும். போத்தல் ஒடுங்கி, தக்கையின் பிடி தளர்ந்து, எந்த ஆழத்து நீர் உள்ளே போனது என்றே தெரியாமல் போகும்.

மூன்றாவதுதான் தலைவலி. ஒரு மீட்டரில் சுலபமாகத் திறக்கும் குப்பி, நாலு மீட்டரில் எவ்வளவு சுண்டினாலும் திறக்காது. தக்கை நனைந்து உப்பிவிட்டது என்று நினைத்து அதைச் சீவுவார்கள். அது இல்லை காரணம். குப்பிக்குள் இருப்பது காற்று. வெளியே இருக்கும் நீர் தக்கையை உள்ளே அழுத்துகிறது. 1.8 செ.மீ. விட்டமுள்ள தக்கையின் பரப்பு 2.5 சதுர செ.மீ.; நாலு மீட்டரில் அதன்மேல் ஒரு கிலோ எடை உட்கார்ந்தது போல. தக்கையைச் சீவினால் மேலே ஒழுகும், கீழே அப்போதும் திறக்காது. தக்கையில் ஒரு சொட்டுத் தேங்காயெண்ணெய் தடவி ஒரு செ.மீ.க்கு மேல் உள்ளே தள்ளாமல் வைப்பது, ஈயத்தை 750 கிராமாகக் கூட்டுவது, கயிற்றை ஒரு சாண் தளர்த்திவிட்டுச் சுண்டுவது: இம்மூன்றும் சேர்ந்தால் 5 மீட்டர் வரை திறக்கும். நம் ஆறுகளின் வாயில் அதற்குமேல் ஆழம் தேவைப்படுவது அபூர்வம்.

தரையில் குப்பியை முட்டவிடக் கூடாது. சேறு கிளம்பி உள்ளே போனால் உப்புக்குச்சி பொய் சொல்லும். முதலில் வெறும் ஈயத்தை இறக்கித் தரை எத்தனை முடிச்சில் என்று பார்த்துக்கொண்டு, அதற்கு 30 செ.மீ. மேலே நிறுத்துங்கள்.

உப்புக்குச்சி

கடல்நீர் நல்லநீரைவிட நூற்றுக்கு இரண்டரைப் பங்குதான் கனம். ஸ்ட்ரா ஒன்றின் அடியில் களிமண் அடைத்து மிதக்கவிடும் பள்ளிக்கூடச் சோதனையில் வித்தியாசம் 3 அல்லது 4 மி.மீ.தான் தெரியும். ஆற்றங்கரைக் காற்றில் அதை வாசிக்க முடியாது. அடி பருத்து, தண்டு மெலிந்திருந்தால் அதே வித்தியாசம் 5 செ.மீ.க்கு விரியும். கணக்கு இது: 15 மி.லி. பருமனுள்ள குச்சி, நல்லநீரிலிருந்து கடல்நீருக்குப் போனால் 0.37 மி.லி. அளவு மேலே எழும்ப வேண்டும். தண்டு 3 மி.மீ. கனமுள்ள பேனா ரீஃபில் என்றால், 0.37 மி.லி. என்பது ரீஃபிலில் 5 செ.மீ. நீளம்.

செய்வது: 15 மி.லி. பிளாஸ்டிக் மருந்துச் சிமிழ் ஒன்று, இறுக்கமான மூடியோடு. மை தீர்ந்த ரீஃபிலின் முனையைக் கழற்றி, ஸ்பிரிட்டில் கழுவிக் காயவைத்து, இருபக்கமும் எம்-சீல் அடைத்து 9 செ.மீ. நீளத்துக்கு எடுத்துக்கொள்ளுங்கள். சிமிழின் மூடி நடுவே சூடான ஊசியால் துளையிட்டு, ரீஃபிலை 1 செ.மீ. உள்ளே செருகிச் சுற்றிலும் எம்-சீல். ஒரு நாள் காயவிடுங்கள். பிறகு சிமிழுக்குள் சின்ன ஈயமணிகளை ஒவ்வொன்றாகப் போட்டு, நல்லநீரில் மிதக்கவிட்டு, தண்டு 1 செ.மீ. மட்டும் வெளியே தெரியும்படி எடையைச் சரிசெய்யுங்கள். கடைசிச் சரிக்கட்டலுக்கு ஈயமணி பெரிது, கடுகு போடலாம். மணிகள் ஆடாமலிருக்க மெழுகு இரண்டு சொட்டு உருக்கி விடுவதாக இருந்தால், மெழுகின் எடையையும் முன்பே சேர்த்துப் பாருங்கள். பிறகு மூடியின் விளிம்பையும் அடைத்துவிடலாம்.

குறியிடும் வேலைக்கு நகைக்கடைத் தராசு போன்ற கிராம் தராசு வேண்டும். கல்லுப்பு வேண்டாம், அதில் ஈரம் இருக்கும், நிறுப்பது உப்பா நீரா என்று தெரியாது. தூளுப்பை வாணலியில் வறுத்து ஆறவிட்டு நிறுத்துக்கொள்ளுங்கள். 7, 14, 21, 28, 35 கிராம் உப்பைத் தனித்தனியே எடுத்து, ஒவ்வொன்றையும் கரைத்து ஒரு லிட்டராக்குங்கள். ஒரு லிட்டரில் கொட்டுவது அல்ல, கரைத்தபின் மொத்தம் ஒரு லிட்டர் வரவேண்டும். கடல்நீரில் உப்பு கிலோவுக்கு 35 கிராம் அளவில் இருக்கும் என்பதால் கடைசிக் குறி கடல் என்று வைத்துக்கொள்ளலாம். 250 மி.லி. அளவுச்சாடியில் முதலில் நல்லநீரையும் (0 குறி), பிறகு ஒவ்வொரு கரைசலையும் ஊற்றிக் குச்சியை மிதக்கவிட்டு, நீர்மட்டத்தில் நகப்பூச்சால் கோடு போடுங்கள். குறிகள் ஏறத்தாழ ஒரு செ.மீ. இடைவெளியில் வரும். மார்க்கர் பேனாக் கோடு நாலு தடவை துடைத்தால் அழிந்துவிடும்.

இதில் பிழை வருவது சூட்டால். வெயிலில் நின்ற மேல்நீர் அடிநீரைவிட 4, 5 டிகிரி சூடாக இருக்கும். 5 டிகிரிக்கு நீரின் கனம் குறைவது சுமார் 2 கிராம் உப்பைக் குறைத்ததற்குச் சமம். எடுத்த நீரை எல்லாம் நிழலில் பத்து நிமிடம் வைத்து, ஒரே சூட்டுக்கு வந்தபிறகு பார்த்தால் போதும். தண்டில் குமிழி ஒட்டியிருந்தாலும், கையெண்ணெய் பட்டிருந்தாலும் குச்சி ஏறி நிற்கும், ஈரத்துணியால் துடையுங்கள். எம்-சீல் ஒட்டில் மயிரிழை விரிசல் விட்டால் உள்ளே நீர் கசிந்து குச்சி நாளுக்கு நாள் தாழும். அதனால் கிளம்பும் முன் ஒவ்வொரு முறையும் குடிநீரில் விட்டு 0 குறி பொருந்துகிறதா என்று பார்ப்பது கட்டாயம்.

குடிநீர் பார்க்கும் டிடிஎஸ் மீட்டர் இருக்கிறதே என்பார்கள். சாதாரண மீட்டர் 9990 வரைதான் காட்டும். ஆற்றின் அடிநீரில் வைத்தால் அதோடு நின்றுவிடும். 50 மி.லி. ஆற்றுநீரோடு 450 மி.லி. மழைநீர் சேர்த்துப் பார்த்து வந்த எண்ணைப் பத்தால் பெருக்கலாம். ஆனால் மீட்டருக்கு மீட்டர் கணக்கிடும் விகிதம் வேறு. மேலே சொன்ன 35 கிராம் கரைசலைப் பத்தில் ஒன்றாக்கி அதில் முதலில் வைத்துப் பார்த்து, உங்கள் மீட்டர் என்ன காட்டுகிறது என்று குறித்துக்கொண்டால்தான் அந்த எண்ணுக்கு அர்த்தம்.

கம்பும் இரண்டு தக்கையும்

கைபேசியில் வரும் ஓத அட்டவணை கடற்கரைக்கு உரியது. பொழிமுகம் குறுகலாக இருந்தால் ஆற்றுக்குள் ஏற்றம் பிந்தி வரும்; மணல் எவ்வளவு அடைத்திருக்கிறது என்பதைப் பொறுத்து அந்தப் பிந்தலும் மாறும். போன மாதம் பார்த்த கணக்கு இந்த மாதம் பொருந்தாது. 5 செ.மீ.க்கு ஒரு வெள்ளைப் பட்டையடித்த கம்பைக் கரையோரம் நட்டு, கால்மணிக்கு ஒருமுறை நீர்மட்டத்தைக் குறியுங்கள். ஒரு முழு ஏற்றம், ஒரு முழு இறக்கம் பார்க்கப் பன்னிரண்டரை மணி நேரம் ஆகும். அவ்வளவு பொறுமை இல்லாதவர்கள் உச்சியை மட்டும் பிடித்தால் போதும். அட்டவணைக்கும் கம்புக்கும் உள்ள வித்தியாசம்தான் அந்த வாரத்துக்கான உங்கள் திருத்தம். மறுநாள் எல்லாம் சுமார் 50 நிமிடம் தள்ளிப் போகும்.

நீர்மட்டம் உச்சிக்கு வந்தவுடன் ஒழுக்கு திரும்பிவிடும் என்று நினைக்க வேண்டாம். மட்டம் குறையத் தொடங்கிய பிறகும் அடியில் கொஞ்சநேரம் உள்ளே போய்க்கொண்டிருக்கும். அதைப் பார்க்கச் சாமானே வேண்டாம். ஒரு தக்கையை அப்படியே மிதக்கவிடுங்கள். இன்னொரு தக்கையில் 2 மீட்டர் நூல் கட்டி, நுனியில் ஓட்டைபோட்ட பால்மாவு டப்பாவில் ஒரு கல்லைப் போட்டுத் தொங்கவிடுங்கள். முதல் தக்கை கடலைப் பார்த்தும், இரண்டாவது தக்கை ஊரைப் பார்த்தும் போனால் உங்கள் காலடியில் இரண்டு ஆறு ஓடுகிறது. அந்த ஒரு மணி, ஒன்றரை மணி நேரம்தான் ஆழம் பார்த்துப் போடுபவனுக்கு நல்ல நேரம். வழக்கமான ஈயத் தூண்டல்காரருக்கு அதே நேரம் எரிச்சல்: நரம்பு நடுவில் வில்போல வளையும், கொத்து கைக்குத் தெரியாது.

வாவுக்கு (அமாவாசை, பௌர்ணமி) ஏற்றம் கூடுதல், அட்டமியை ஒட்டிக் குறைவு. வாவு அன்றுதான் மீன் ஏறும் என்று எல்லாரும் அன்றைக்கே இடம் பிடிப்பார்கள். ஆனால் ஏற்றம் பலமாக இருக்கும் நாளில் இரண்டு நீரும் கலங்கி, அவற்றைப் பிரிக்கும் கோடு மங்கிவிடும். அட்டமியை ஒட்டிய நாட்களில் கோடு கத்தியால் கீறியதுபோல இருக்கும். ஆழம் பார்த்துப் போட அதுதான் வசதி.

கோட்டுக்கு முள்ளை நிறுத்துவது

50 செ.மீ.க்கு ஒரு குப்பி எடுத்துப் பாருங்கள். உதாரணத்துக்குக் குச்சியின் குறி 0.5 மீட்டரில் 4 (லிட்டருக்கு 4 கிராம் உப்பு), 1 மீட்டரில் 5, 1.5 மீட்டரில் 7, 2 மீட்டரில் 22, 2.5 மீட்டரில் 26 என்று வந்தால், பாய்ச்சல் ஒன்றரைக்கும் இரண்டுக்கும் நடுவே. கோடு 1.75 மீட்டர் என்று வைத்துக்கொள்ளலாம். பாசித்துகளும் அதைத் தின்னும் பொடிசுகளும் இந்தக் கோட்டை ஒட்டித் தேங்கும். மடவைக் குஞ்சும் இறாலும் அங்கே வரும். கொடுவாவும் செம்பல்லியும் உப்புநீருக்குள் நின்று மேலே பார்த்துக்கொண்டிருக்கும். தரையில் ஈயம் உட்கார்ந்த தூண்டலில் இரை அவற்றின் வயிற்றுக்குக் கீழே கிடக்கிறது.

சறுக்குத் தக்கைதான் (நரம்பில் ஏறி இறங்கும் மிதப்பு) இதற்கு ஏற்றது. 20 பவுண்டு பிரெய்ட் (பின்னல்) மெயின் நரம்பில், வேறு நிறத் தையல் நூலால் ஐந்து சுற்று நிறுத்துமுடிச்சு. பிறகு 3 மி.மீ. பாசிமணி, 15 கிராம் தாங்கும் சறுக்குத் தக்கை, இன்னொரு பாசிமணி, 12 கிராம் ஓட்டை ஈயம், ஸ்விவல் (சுழல் வளையம்), 40 பவுண்டு தங்கூசி லீடர் (முள்ளைக் கட்டும் முன்நரம்பு) 60 செ.மீ., 3/0 முள். முள் கோட்டுக்கு 30 செ.மீ. கீழே தொங்க வேண்டும். லீடர் 60 செ.மீ. என்பதால் தக்கைக்கும் ஈயத்துக்கும் நடுவே கோட்டாழத்தைவிட 30 செ.மீ. குறைவாக விடவேண்டும். கோடு 1.75 மீட்டர் என்றால் நிறுத்துமுடிச்சிலிருந்து ஈயம் வரை 1.45 மீட்டர். ஒழுக்கு பலமாக இருந்தால் லீடர் தூக்கிக்கொள்ளும். முள்ளுக்கு 20 செ.மீ. மேலே ஒரு சின்னப் பிளவு ஈயம் கடித்துவிடுங்கள். முடிச்சை நனைக்காமல் இறுக்கினால் பிரெய்டில் வழுக்கி, பத்தாவது வீச்சில் ஓரடி ஏறிப்போய் இருக்கும். மீன் திடீரென்று கொத்தாமல் போனால் முதலில் பார்க்க வேண்டியது இந்த முடிச்சைத்தான்.

கொடுவாவின் செவுள் ஓரம் பிளேடு. லீடரை மெல்லிசாக்கினால் அறுத்துக்கொண்டு போகும். செம்பல்லி மாட்டியதும் பாலத்தூண் அடிக்கல்லுக்குள் ஓடும். முதல் மூன்று மீட்டரில் நிறுத்தவில்லை என்றால் மீனும் இல்லை, தக்கையும் இல்லை. நரம்பு நடுவில் சுத்தமாகக் கத்தரித்ததுபோல வந்தால் பேத்தை (உடம்பை ஊதிக்கொள்ளும் மீன்). அது கூட்டமாக வந்துவிட்டால் இடம் மாறுங்கள். மாட்டினாலும் தின்னக் கூடாது; விஷம் சமையலில் போகாது.

கோட்டுக்கு மேலே இருப்பது வேறு உலகம். மடவை, ஜிலேபி, பூமீன் மேல்நீரில் மேயும். 8 முதல் 10 எண் முள், மைதா உருண்டை. கரிமீன் கோட்டைப் பற்றிக் கவலைப்படாது. அதற்குப் பாசி பிடித்த வெட்டுக்கல் கரையும் தென்னைவேரும்தான் வேண்டும். வாய் சின்னது, 12 எண் முள். இரையை உறிஞ்சிப் பார்த்துத் துப்பும், தக்கை ஆடியவுடன் இழுத்தால் வராது, பக்கவாட்டில் நகரும்போது இழுக்க வேண்டும். தொண்டு (தேங்காய் உரிமட்டை) அழுகப் போட்ட கயத்தை ஒட்டிக் கரிமீன் தேடுவது வீண். அங்கே நீரில் உயிர்க்காற்று குறைவு. கெளுத்தி தரையில் எல்லா நீரிலும் உண்டு. அதன் முதுகு முள்ளும் இரண்டு பக்கமுள்ளும் ரம்பப் பல்லோடு விஷமும் உடையவை. குத்தினால் தாங்கக்கூடிய சூட்டில் வெந்நீரில் அரைமணிக்கு மேல் முக்கி வைத்தால் கடுப்பு இறங்கும். முள் உடைந்து உள்ளே இருந்தால் மருத்துவமனைக்குத்தான் போக வேண்டும்.

உயிர் இறால் போடுகிறவர்கள் கவனிக்க. மேல்நீரை வாளியில் எடுத்து இறாலைப் போட்டு வைத்து, பிறகு அதை முள்ளில் கோத்து உப்புக்குள் இறக்கினால், 4 கிராம் நீரிலிருந்து 26 கிராம் நீருக்கு ஒரே நொடியில் போகிறது. சாகாவிட்டாலும் விறைத்துப் போகும்; விறைத்த இறாலைக் கொடுவா திரும்பிப் பார்ப்பதில்லை. ஏற்ற நேரத்தில் பொழிமுகத்துப் பக்கமிருந்து 15 லிட்டர் உப்புநீர் கொண்டுவந்து, பத்து நிமிடத்துக்கு ஒருமுறை வாளிநீரில் ஐந்தில் ஒரு பங்கை மாற்றிக்கொண்டே வாருங்கள். ஒரு மணி நேரத்தில் பழகிவிடும். குறி பார்க்கக் குச்சி கையில் இருக்கிறதே. பேட்டரி காற்றுப் பம்பு ஒன்று, வாளிமேல் நனைந்த சாக்கு. கோப்பது வாலில் கடைசிக்கு முந்தின கணுவில், அல்லது தலைக்கொம்பின் அடியில்; ஓட்டுக்குள் தெரியும் கரும்புள்ளியில் முள் பட்டால் அப்போதே செத்துவிடும்.

கோடு காணாமல் போகும் காலம்

இந்த மாவட்டத்துக்கு இரண்டு பருவமழையும் உண்டு. ஜூன் முதல் செப்டம்பர் வரை ஒன்று, அக்டோபர் முதல் டிசம்பர் வரை இன்னொன்று. ஆகவே வருடத்தில் இரண்டு முறை ஆறு கழுவி விடப்படும். பெருக்கு நாளில் பொழிமுகம் வரை அடியோடு நல்லநீர். குப்பி இறக்கி நேரத்தை வீணாக்க வேண்டாம். பெருக்கு வடிந்து ஐந்தாறு நாளில் உப்பு மறுபடி அடியில் ஊர்ந்து ஏறும். குழித்துறையாற்றில் மழை மட்டும் கணக்கல்ல. பேச்சிப்பாறை அணையில் உபரிநீர் திறந்தால் அது கோதையாறு, திற்பரப்பு, மூவாற்றுமுகம் வழியாக இதே ஆற்றுக்குத்தான் வரும். கரையில் வெயில் அடித்துக்கொண்டிருக்கும்போதே மட்டம் ஏறும். அணை திறப்பு அறிவிப்பு வந்த நாளில் ஆற்றுக்குள் இறங்கி நிற்பது உயிரோடு விளையாடுவது.

கோடையில் பொழி அடைத்துவிட்டால் வேறு மாதிரி. அடியில் சிக்கிய உப்புநீர் அசைவில்லாமல் கிடக்கும்; மேல்நீர் மூடியிருப்பதால் காற்று இறங்காது. குப்பியைத் திறந்ததும் முட்டை அழுகிய வாடை அடித்தால், உப்பு 28 காட்டினாலும் அந்த நீரில் மீன் இராது. அப்போது கணக்கைத் திருப்பிப் போடுங்கள்: முள் கோட்டுக்கு 30 செ.மீ. மேலே. மணல் அள்ளிய குழிகளிலும் இப்படித்தான். இறக்கத்தில் சுற்றிலும் நல்லநீர் ஆனபிறகும் குழிக்குள் உப்பு தங்கும். வாடை இல்லாத குழி என்றால் இறக்க நேரத்தில் கொடுவாவுக்கு அதைவிட நல்ல இடம் கிடையாது. வாடை வந்த குழியைப் பொழி உடைந்து ஆறு ஒருமுறை கழுவும்வரை விட்டுவிடுங்கள். தடுப்பணை கட்டிய ஆற்றில் அணைக்கு மேலே குப்பிக்கு வேலையில்லை. கீழே அணையடிக் கயத்தைத்தான் பார்க்க வேண்டும். மணக்குடி அலையாத்திக் காட்டின் வேர்களுக்குள் நுழைந்து போட வேண்டாம். அது பாதுகாக்கப்பட்ட பகுதி. முள்ளும் நரம்பும் வேரில் சிக்கினால் பறவையின் காலுக்குத்தான் கேடு.

ரீல்

ஆற்றில்தானே போட்டோம் என்று ரீலைக் கழுவாமல் வைப்பவர்கள் அதிகம். நரம்பு ஊறிவந்தது அடியில் இருந்த 26 கிராம் நீரில். முதலில் சிக்கிக்கொள்வது பெயில் கம்பியின் (நரம்பைச் சுருளுக்கு வழிகாட்டும் வளைகம்பி) ஓரத்தில் நரம்பு உருளும் சின்ன உருளை. அது சுழலாமல் நின்றால் பிரெய்ட் முறுக்கேறி, உருளையிலேயே பள்ளம் விழும். விரலால் உருட்டிப் பார்த்தால் தெரியும்.

ஒரே திருகுதான். வெள்ளைத் துணி விரித்து, கழற்றும் வரிசையிலேயே இடமிருந்து வலமாக வையுங்கள். வாஷர் முன்பின் மாறினால் உருளை இறுகும். பேரிங்கைப் பெட்ரோலில் பத்து நிமிடம் ஊறவிட்டு, பென்சில் முனையில் மாட்டிச் சுழற்றுங்கள். கரகரப்பு போனால் நன்றாக உலர்த்தி ஒரு சொட்டு எண்ணெய். போகவில்லை என்றால் புதிது. பல ரீல்களில் அது 4×7×2.5 மி.மீ. அளவு, இருந்தாலும் வெர்னியரில் அளந்தே வாங்குங்கள்.

கழுவும்போது டிராக் குமிழை (நரம்பு இழுபடும் இறுக்கத்தைக் கூட்டிக் குறைக்கும் திருகு) இறுக்கி வைத்து, மெல்லிய தூறலாக நல்லநீர் விட்டு, துடைத்து, பிறகு குமிழைத் தளர்த்தி நிழலில் காயவிடுவது முறை. பீய்ச்சி அடித்தால் உப்பு உள்ளேதான் போகும். கைப்பிடி பின்பக்கம் சுழலாமல் தடுக்கும் உருளைக் கிளட்சில் மட்டும் கிரீஸ் படக்கூடாது. பட்டால் மீன் மாட்டி இழுக்கும் நேரத்தில் கைப்பிடி வழுக்கிப் பின்னால் சுற்றும். பட்டுவிட்டால் ஸ்பிரிட்டில் கழுவி உலர்த்தி, மெல்லிய எண்ணெயை ஊசி முனையில் தொட்டு வைத்தால் போதும்.